கையில்லாத அடி

"ஊரப் பிரிச்சீங்க, கெணத்தப் பிரிச்சீங்க, சுடுகாட்டையும் பிரிச்சீங்க. காத்தப் பிரிக்க முடிஞ்சுதா?" நம்முடைய மேடைகளில் கைதட்டல் வாங்கித் தருகிற கேள்வி இது. நல்ல கேள்விதான். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஏனென்றால் காற்றைப் பிரித்து ரொம்ப நாளாகிறது. வேலி போடாமல், பலகை மாட்டாமல், நேரத்தாலும் உயரத்தாலும் வேலையாலும் பிரித்திருக்கிறார்கள். அதனால்தான் நம் கண்ணுக்கே அது தட்டுப்படவில்லை.

முதலில் பார்ப்பனியத்துக்குக் காற்றைப் பற்றி இருந்த பயத்தைப் பேச வேண்டும். தீட்டு தொட்டால் மட்டும் ஒட்டும் என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. நிழல் பட்டாலும் ஒட்டும், இத்தனை அடிக்குள் வந்தாலும் ஒட்டும் என்றது. எங்கள் தாத்தா ஊரில், எந்தப் பக்கமிருந்து காற்றடித்தால் சேரியின் வாடை ஊருக்குள் போகாதோ அந்தப் பக்கத்தில்தான் சேரி இருந்தது. 'அது எதேச்சையா அமைஞ்சது' என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தீட்டின் கோட்பாடு ஒரே திசையில் ஓடுவது: கீழே இருப்பவனிடமிருந்து மேலே இருப்பவனுக்குப் போகும். மேலிருந்து கீழே வருகிற எதற்கும் அந்தக் கோட்பாட்டில் தீட்டு என்று பெயர் கிடையாது. மிச்சச் சோறு என்பார்கள், பழைய துணி என்பார்கள், தர்மம் என்பார்கள். இன்றைக்கு நகரத்துக் காற்றில் இருக்கும் நிஜமான விஷம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தால், அது அந்தக் கோட்பாட்டுக்கு நேர் தலைகீழாக இருக்கிறது. தூசி கீழேதான் இறங்கும். கீழே யார் குனிந்திருக்கிறார்கள்?

மார்கழி, தை மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் மார்கழி என்றால் மாட வீதியில் பஜனை, சபாக்களில் கச்சேரி, வாசலில் பெரிய கோலம். காற்றைப் படிக்கிறவர்களுக்கு அதே மாதங்கள் வேறு ஒன்று. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டமாதிரி உட்கார்ந்துகொள்கிறது. கீழே வந்த புகையும் தூசியும் மேலே ஏற முடியாது. கடற்காற்று வந்து கலைக்க வேண்டும், அது வெயில் ஏறிய பிறகுதான் வரும். ஆக, நாளிலேயே மூச்சுக்கு மோசமான நேரங்களில் ஒன்று விடியற்காலை. அந்த நேரத்தில் பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் கச்சேரி ரோட்டிலும் அடையாறு சர்தார் பட்டேல் சாலையிலும் தெருவில் இருப்பது யார்? தொடப்பம் பிடித்த பெண்கள். பெரும்பகுதி நம் பெண்கள். அவர்களில் பலர் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் இருட்டோடு பஸ் பிடித்து வருகிறவர்கள். ஒரு காலத்தில் இதே மயிலாப்பூர், அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைத்தான் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். குடியிருக்க மயிலாப்பூர் இல்லை, கூட்டுவதற்கு உண்டு.

கோலம் போடுகிற வாசலில் முதலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். தெளித்த பிறகு கூட்டினால் தூசி எழும்பாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வித்தை. அந்த வாசலைத் தாண்டி ஒரு முழம் வந்தால் தெரு. தெருவுக்குத் தெளிக்க ஒரு சொம்பு தண்ணீர் கிடையாது. வறட்டுத் தெருவை வறட்டுத் தொடப்பத்தால் கூட்ட வேண்டும்.

அந்தத் தூசி வெறும் மண்ணாக இருந்தால் தும்மிவிட்டுப் போகலாம். வண்டி பிரேக் தேய்ந்தால் செம்பும் ஆன்டிமனியும் உதிர்கின்றன. டயர் தேய்ந்தால் துத்தநாகம். கப்பல்களும் பாய்லர்களும் எரிக்கிற கனமான எண்ணெயிலிருந்து நிக்கல், வனேடியம். நிலக்கரிப் புகையிலிருந்து ஆர்சனிக். பழைய பேட்டரி, பெயிண்ட் அடித்த பலகை, ஒயர் இவற்றைக் கொளுத்தினால் ஈயம், காட்மியம். இவை எல்லாம் நம் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான, சமயத்தில் முப்பதில் ஒரு பங்கே இருக்கிற துகள்களில் ஏறிக்கொண்டு நுரையீரலுக்குள் போகின்றன. உலோகம் என்பதால் இது மட்காது, எரிந்து தீராது. ஒருமுறை வந்தால் தெருவிலோ உடம்பிலோ எங்காவது இருந்தே தீரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு நகரங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் சென்னை வேலையைச் செய்தது இங்கிருக்கும் ஐ.ஐ.டி. கருவி வைத்த இடங்களில் மயிலாப்பூரும் அடையாறும் உண்டு. ஆக, யாருக்கும் தெரியாத விஷயம் எதையும் நான் இங்கே சொல்லவில்லை.

இனி கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்று இழுக்கிறார். குனிந்து கூட்டி, வண்டி தள்ளி, குப்பை அள்ளுகிறவர் இருபது லிட்டருக்கு மேல் இழுக்கிறார். மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்து இழுப்போம். மூக்கில் இருக்கும் முடியும் சளியும் பிடித்துவைக்கிற தூசியும் அப்போது நேரே உள்ளே போகிறது. ஒரே தெரு, ஒரே காற்று, ஆனால் மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவருக்கு ஒரு பங்கு என்றால் தெருவில் கூட்டுகிறவருக்குப் பல பங்கு. காற்றை அளக்கிற கருவியை எங்கே வைக்கிறார்கள்? தரையிலிருந்து மூன்று மீட்டர் முதல் பத்து மீட்டர் உயரத்தில் என்பது விதி. தி.நகரிலும் அடையாறிலும் கட்டடத்து மேலே உட்கார்ந்திருக்கும் பழைய வகைக் கருவிகள் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடி, 24 மணி நேரச் சராசரி தருகின்றன. குனிந்து கூட்டும் பெண்ணின் மூக்கு தரையிலிருந்து மூன்று அடியில் இருக்கிறது. அவள் கூட்டுகிற அந்த மூன்று மணி நேரம், சராசரியில் கடற்காற்று அடிக்கிற மத்தியானத்தோடு கலந்து கரைந்துபோகிறது. சராசரி மூக்கு என்று ஒரு மூக்கு யாருக்கும் இல்லை. ஆனால் 'சென்னைக் காற்று திருப்திகரம்' என்று பேப்பரில் வரும்போது அந்த மூக்குதான் பேசுகிறது.

சட்டமே ஒரு காலத்தில் இதைவிட வெளிப்படையாக இருந்தது. 1994இல் மத்திய வாரியம் அறிவித்த காற்றுத் தர அளவுகளில் நாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். தொழிற்சாலைப் பகுதி, குடியிருப்புப் பகுதி, சரணாலயம் நினைவுச்சின்னம் போன்றவை அடங்கிய மென்மையான பகுதி. காற்றில் ஈயம் ஆண்டுச் சராசரியாக எவ்வளவு இருக்கலாம்? ஒரு கனமீட்டரில் தொழிற்சாலைப் பகுதியில் 1 மைக்ரோகிராம், குடியிருப்பில் 0.75, மென்மையான பகுதியில் 0.50. பளிங்குக் கல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதிதான் மணலியிலும் கத்திவாக்கத்திலும் இருந்த குழந்தைக்கு. 'தொழிற்சாலைப் பகுதி' என்றால் அங்கே இயந்திரங்கள் மட்டும் மூச்சு விடுவதாக நினைத்தார்கள் போலிருக்கிறது. நுரையீரலுக்கு வர்ணம் எழுதிய இந்த மூன்று அடுக்கு, 2009 நவம்பரில் ஈயத்துக்கு எல்லா இடத்திலும் 0.5 என்று ஆக்கும்வரை பதினைந்து வருஷம் இந்தியக் குடியரசில் நடைமுறையில் இருந்தது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதற்கு மனுதர்மத்தில்தான் உதாரணம் தேட வேண்டும் என்பதில்லை, அரசிதழிலும் கிடைக்கும்.

நண்பர் ஒருவர், மார்க்சியர், என்னோடு வாதம் பண்ணினார். 'நீ எல்லாத்துலயும் சாதியக் கொண்டாந்து போடாத. போட் கிளப்புல இருக்கிறவனும் இதே புகையத்தான் குடிக்கிறான். இது ஒண்ணுலயாவது அவனும் நம்மளும் ஒண்ணு சேரலாம்' என்றார். இதற்குப் பெரிய பெயர்களும் துணைக்கு உண்டு. ஜெர்மன் சமூகவியலாளர் உல்ரிக் பெக் 1986இல் எழுதிய புத்தகத்தில், வறுமை படிநிலைப்படி பங்கிடப்படுகிறது, நச்சுப்புகையோ எல்லாருக்கும் பொது என்ற பொருள்பட வாதிட்டார். அதற்கு விதிவிலக்குகளையும் அவரே சொன்னார் என்பதை அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். நண்பருக்கு நான் கேட்டது இதுதான்: பொதுவான ஆபத்து என்பதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா? போட் கிளப்காரருக்கு வீட்டுக்குள் காற்றைச் சுத்தப்படுத்தும் மிஷின் இருக்கிறது. அதன் ஃபில்டர் அழுக்கானால் கழற்றிக் குப்பையில் போடுவார். அந்தக் குப்பையைக் காலையில் யார் எடுப்பார்கள்? அவர் மூச்சிலிருந்து காப்பாற்றிய தூசியும் கடைசியில் எங்கம்மா கைக்குத்தான் வருகிறது.

எங்கம்மா தி.நகரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் பல வருஷம் தெருக்கூட்டியது. மரம் அடர்ந்த ஒரு குறுக்குத்தெரு அதற்கு ஒதுக்கின இடம். பனிக்காலத்தில் சருகு மலை மாதிரி சேரும். அள்ளிப்போக லாரி வராது. 'கொளுத்திடு' என்பார் மேஸ்திரி. கொளுத்தினால் சருகோடு பிளாஸ்டிக், ஒயர், பழைய செருப்பு எல்லாம் சேர்ந்து எரியும். பக்கத்து அடுக்குமாடிக்காரர் ஒருநாள் போட்டோ எடுத்துப் புகார் கொடுத்தார். புகையைப் பற்றிய புகார் நியாயம்தான். விசாரணை வந்தது. மேஸ்திரி 'நான் சொல்லவே இல்ல' என்றார். அம்மாவுக்கு நாலு நாள் சம்பளம் பிடித்தார்கள். ராத்திரி வீட்டில் அம்மா சொன்னது: "அவுரு வூட்டுல சன்னல மூடிக்கினாரு. நான் எத்த மூடிக்கிறது? முந்தானைய மூஞ்சில கட்டிக்கினா கண்ணு எரியுது, கண்ணத் தொடச்சா வேல ஓடல."

பிறகு இருமல் வந்தது, போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், 'வீட்ல விறகடுப்பா? புருஷன் பீடி பிடிப்பாரா?' வீட்டில் கேஸ் அடுப்பு. அப்பா செத்துப் பத்து வருஷம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. ஆக, நோய்க்குக் காரணம் தேடும்போதுகூட நம் வீட்டு அடுப்பும் நம் வீட்டு ஆணும்தான் முதலில் கூண்டில் ஏறுகிறார்கள். தெரு ஏறுவதில்லை. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் பிரச்சினை.

இதைத்தான் ஒரு தத்துவக் கேள்வியாக நம் முன் வைக்க விரும்புகிறேன். கையில்லாத அடி அடியா? ஒடுக்குமுறை என்றால் ஒரு கை வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். சவுக்கு பிடித்த கை, செருப்பைக் கழற்றச் சொன்ன வாய், டீக்கடையில் தனி கிளாஸ் எடுத்து வைத்தவன். சட்டமும் கையைத்தான் கேட்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தலித்துகளும் பழங்குடிகளும் புழங்கும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது குற்றம் என்று எழுதியிருக்கிறது. காற்று அந்தப் பட்டியலில் இல்லை. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் உள்ள உயிர்வாழும் உரிமைக்குள் மாசில்லாத காற்றும் நீரும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஒன்றில் காற்று இருக்கிறது, சாதி இல்லை. இன்னொன்றில் சாதி இருக்கிறது, காற்று இல்லை. தொடப்பம் பிடித்தவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள்.

கையைத் தேடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த, மூக்குக்குத் தெரிந்த கொடுமை. யார் கை என்று இரண்டு வருஷம் தேடி, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே தெருவைச் சேர்ந்த நம் பையன்கள் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று நிறுத்தியது. அதை ஏற்க மறுத்து மக்கள் போராடினார்கள். மலத்துக்கே இந்த நிலைமை என்றால், யார் வண்டியிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாத ஈயத்துக்கு எந்தக் கையைக் காட்டுவது? தேடினால் கடைசியில் சருகைக் கொளுத்திய எங்கம்மா கைதான் கிடைக்கும். தீக்குச்சி அதன் கையில்தானே இருந்தது.

என் பதில் இது: கை இல்லாத இடத்தில் அறிவு கையாகிறது. தெரிந்தும் தொடர்ந்தால், அடித்ததாகத்தான் கணக்கு. பெட்ரோலில் ஈயம் கலந்த கதையைப் பாருங்கள். 1924 ஆகஸ்டில் சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைகளில் எவரும் நடக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், பெட்ரோலில் கலக்கும் ஈயத்தைத் தயாரித்த தொழிலாளிகள் ஐந்து பேர் மூளை கலங்கிச் செத்தார்கள். பத்திரிகைகளில் வந்தது. விஷம் என்று அன்றைக்கே தெரியும். இருந்தும் உலகம் முழுக்கக் கலந்தார்கள். நாம் நடக்கும் உரிமை வாங்கிய சாலை எல்லாவற்றிலும் அந்தப் புகை வந்தது. இந்தியாவில் அது முழுசாக நின்றது 2000 பிப்ரவரியில். உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். நடுவில் ஓடிய காலத்துக்கு எந்தக் கையையும் காட்ட முடியாது. ஆனால் 'தெரியாது' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

நின்றுவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் கவலைக்குரிய எல்லை 10. அதை 2012இல் 5 ஆக்கி, 2021இல் 3.5 ஆக்கினார்கள். ஈயம் அதிகமான பிள்ளைகளுக்குக் கவனம் நிற்பதில்லை என்று அந்த ஆய்வு சொன்னது. 'சேரிப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது, அது பிறவிக் குணம்' என்று வாத்தியார்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பிறவிக் குணத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று எந்த வாத்தியாரும் பார்த்ததில்லை. ஈயம் ரத்தத்தில் ஒரு மாசம்போலத்தான் தங்கும். எலும்பில் இருபது முப்பது வருஷம் இருக்கும். கர்ப்பகாலத்தில் எலும்பு கரைந்து கால்சியம் போகும்போது ஈயமும் கூடப்போய்ப் பிள்ளைக்குச் சேரும். பிறப்பால் வருவது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று. நிஜமாகவே பிறப்பால் வருவது இது.

இதையெல்லாம் பேசும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. சுத்தமான காற்று, சுத்தமான ஆறு என்ற பேச்சு இந்த நகரத்தில் யார் தலையில் விடிந்திருக்கிறது? ஆற்றை அழகுபடுத்த நம் குடிசைகளை எடுத்தார்கள். காற்றைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் முதலில் வருவது நம் ஷேர் ஆட்டோ, நம் பழைய சாமான் கடை, நாம் கொளுத்தும் குப்பை. ஒரு வீட்டுக்கு மூன்று கார் என்பது கடைசியில், பேச நேரம் இருந்தால். போகியை எடுங்கள். 2018 ஜனவரி 13 காலையில் போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் அதே செய்தி. வானத்தில் இருந்தவர்களைத் திருப்பிவிட முடிந்தது. தெருவில் இருந்தவர்களுக்கு அன்றைக்கு வேலை இரட்டிப்பு. பெயிண்ட் அடித்த பழைய கதவு, டயர், நாற்காலி எல்லாம் எரிந்த சாம்பலைச் சூடு ஆறுவதற்குள் வாரியாக வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகள் இன்னும் பல போகிகளுக்கு வரும்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். தனியாரிடம் தராதே, பணி நிரந்தரம் கொடு என்று கேட்டார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அதைச் சம்பளப் போராட்டம் என்று எழுதினார்கள். எனக்கு அது காற்றைப் பற்றிய போராட்டமாகவும் தெரிகிறது. தென்சென்னை மண்டலங்கள் சிலவற்றில் குப்பை வேலை 2000இலேயே தனியாருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒப்பந்தம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே தெருவை, ஒரே தொடப்பத்தால், பல முதலாளிகளுக்குக் கூட்டியவர்கள் இருக்கிறார்கள். எலும்பு முப்பது வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் சில வருஷத்தில் மறந்துவிடுகிறது. நோய் வந்து நிற்கும்போது 'உன்னை வேலைக்கு வைத்தது நான்' என்று சொல்ல ஆள் இல்லை. நிரந்தரம் என்பது அந்த ஒரு ஆள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும்தான்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மஸ்டர் புத்தகத்தோடு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம், காட்மியம் பார்த்து அந்தக் காகிதத்தைத் தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். அளக்கும் கருவி கொஞ்ச நாளாவது தொடப்பம் பிடிக்கிறவரின் சட்டைக் காலரில் தொங்க வேண்டும். கூட்டுவதற்கு முன்னால் தெருவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதுவரை சண்டை இல்லை. மார்கழி, தையில் கூட்டும் நேரத்தைக் காலை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்று நான் சொன்னபோதுதான் சண்டை வந்தது. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு மணிக்குத் தெருவுல நின்னா, நாலு வூட்டுல பாத்திரம் கழுவுற வேலைக்கு யாரு போறது? அந்தக் காசுலதான் வாடகை போவுது." அந்தப் பத்தியை இன்னும் எழுதவில்லை.